கூடத்தின் கொள்ளளவு

தில்லைநாயகம் மடத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சிவகாமவல்லிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அது அவரை உறுத்தியதில்லை. எல்லோரையும் போல அவரும் அம்மா என்றே கூப்பிட்டார். அம்மா அவரை ஐயா என்று கூப்பிட்டார்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உப்பங்கழிக் கரையில் ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, சில பூவரச மரங்கள். வந்தவர்கள் பெருக்குவார்கள், சமைப்பார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அம்மா அதிகம் பேசமாட்டார். கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் கிடையாது.

ஒரு நாள் காலை தில்லைநாயகம் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார். தன் வீட்டை மடத்துக்கே எழுதிக் கொடுத்துவிடுவதாகவும், இனி இங்கேயே ஓர் ஓரமாக இருந்துகொள்வதாகவும் சொன்னார். ஏன் என்று கேட்டார் அம்மா.

"வீடு ரொம்பப் பெரிசா இருக்கும்மா."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு அறை, ஓர் அடுக்களை. அவ்வளவுதான்.

தில்லைநாயகம் சிரிக்கவில்லை. தான் வேலை பார்த்த இடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வடக்கே ஒரு துறைமுகத்தில், கூரைக்கு அடியில் வைத்தே கப்பல் கட்டும் கூடம் அது. உலகத்திலேயே கொள்ளளவில் பெரிய கட்டடங்களில் அதுவும் ஒன்று என்று அங்கே இருந்தவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக சைக்கிள் வேண்டும். மழைக்காலத்தில் கூரைக்கு அடியில் மூட்டமாக நீராவி கட்டி, வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கூரைக்கு அடியில்தான் அவர் கிரேன் ஓட்டினார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரும்புத் தகடுகளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தே தலை நரைத்தது.

"அங்க ஒருநாளும் எனக்கு இடம் பெரிசாத் தெரிஞ்சதில்லம்மா. இப்ப வாசல்லேருந்து அடுக்களை வரைக்கும் போகவே முடியாம களைச்சுப் போயிடுறேன். ஏம்மா இப்படி?"

 "நாளைக்கு உங்க வீட்ல சாப்பிட வரேன்" என்றார் அம்மா.

மறுநாள் அம்மா வந்தபோது தில்லைநாயகம் வாசல் கதவை ஒட்டியே பாய் விரித்து வைத்திருந்தார். முன்னறையிலேயே எல்லாம் இருந்தது. கட்டில், தண்ணீர்க் குடம், மண்ணெண்ணெய் அடுப்பு, கொடியில் இரண்டு வேட்டி. பின்னால் இருந்த அறையும் அடுக்களையும் சாத்திக் கிடந்தன. மனைவி வடிவாம்பாள் இறந்ததிலிருந்து அப்படித்தான் என்று தெரிந்தது.

அம்மா பாயில் உட்காரவில்லை. நேரே போய் அடுக்களைக் கதவைத் திறந்தார். பல்லி ஒன்று ஓடியது. ஜன்னலைத் தள்ளினார். வெளிச்சம் விழுந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, இங்கேயே போடுங்கள் என்றார்.

சோறும் பூண்டு ரசமும் கத்தரிக்காய்க் கூட்டும். ரசத்தில் உப்பு இல்லை. அம்மா அப்படியே சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, கப்பல் கட்டி முடித்த பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்டார்.

தில்லைநாயகத்துக்கு முகம் மாறிவிட்டது. அந்த நாட்களைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. கடல் தண்ணீரை உள்ளே விடுவார்கள் என்றார். தரையில் நின்ற கப்பல் மெல்ல அசையும். மலைபோலக் கதவுகள் திறக்கும். இழுவைப் படகுகள் அதை வெளியே கொண்டுபோகும். முதல் கப்பல் போன அன்று கூண்டிலிருந்து கீழே பார்த்தார். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேரும் கீழே நின்றிருந்தார்கள். கடல் காற்று மட்டும் உள்ளே வந்து சுற்றிக்கொண்டிருந்தது.

வடிவாம்பாளை அவர் முதலில் பார்த்ததும் அன்றைக்குத்தான். அவள் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற பெண்களில் ஒருத்தி. அதுவரை கப்பலுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள், இவர் இந்தப் பக்கம். கப்பல் போனதும் மறு கோடியில் ஒரு பெண், தலையில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு தனியாக நின்று அண்ணாந்து கூரையைப் பார்ப்பது தெரிந்தது. இவரையும் பார்த்தாள். கை அசைத்தாள். அவ்வளவு உயரத்தில் இருப்பவருக்குத் தெரியாது என்று நினைத்தாளாம். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள். எத்தனை குளித்தாலும் அவள் கூந்தலில் பெயிண்ட் வாசனை போகாது.

சொல்லி முடித்தவர் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அம்மா கேட்டார்.

"கப்பல் உள்ள இருந்தப்ப கூடம் எப்படி இருக்கும் ஐயா?"

"கூடம் எங்கம்மா தெரியும்? கப்பல்தான் தெரியும். ஓரத்துல ஆள் போக வர வழி இருக்கும், அவ்வளவுதான். எதிர்ல ஒருத்தர் வந்தா சுவரோட ஒட்டிக்கணும்."

"அப்ப அது இவ்வளவு பெரிசுன்னு அளந்து சொன்னவங்க எப்ப அளந்திருப்பாங்க?"

"காலியா இருக்கும்போதுதான்."

சொன்ன பிறகு தில்லைநாயகம் அடுக்களையைச் சுற்றிப் பார்த்தார். கரி படிந்த சுவர், வடிவாம்பாள் ஈயப் பாத்திரங்கள் கவிழ்க்கும் பலகை, அம்மியை ஒட்டி ஒரு முழம் இடம். அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"இதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்காம திரும்ப முடியாதும்மா. தண்ணி மொள்ள வந்தாலே திட்டுவா. ஆம்பளைக்கு இங்க என்ன வேலைன்னுவா. இன்னும் கொஞ்சம் பெரிசா ஒரு வீடு பார்த்திருக்கக் கூடாதான்னு சாகிற வரைக்கும் சொன்னா."

அவர் அழுதார். அம்மா தடுக்கவில்லை. அழுது முடித்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, இலைகளை எடுத்தார். வீட்டை மடத்துக்கு எழுத வேண்டாம் என்றார் அம்மா. தில்லைநாயகம் கேட்டார்.

"மடத்துக்கும் வேண்டாம்னா, நான் இங்க தனியா இருந்து என்னம்மா செய்யறது?"

அம்மா எழுந்து கை கழுவினார்.

"இப்பதானே காலியா இருக்கு. அளந்து முடிங்க ஐயா. அவசரமில்ல."