தலைமாட்டில் நின்றவர்

"நம்மளை யாருக்கு மேடம் தெரியும்?" என்றார் அறவாழி.

மயக்கவியல் துறைத் தலைவர் டாக்டர் நூர்ஜஹான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அறவாழி கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் மாரடித்துவிட்டு, காதோரம் நரைத்த பிறகு மேற்படிப்புக்கு வந்தவர். மாணவரைவிட ஆசிரியைக்கு வயது குறைவு. அதில் அவருக்கு வருத்தமில்லை. அவருடைய வயிற்றெரிச்சல் வேறு.

"சர்ஜனுக்குச் சால்வை போடுறாங்க. என்னைப் பார்த்து, 'கம்பவுண்டரா சார்?'னு கேக்குறாங்க. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தலைமாட்டுல நிக்கிறவன் நான்."

மேடம் ஒரு வாய் குடித்தார்.

"நேத்து கால் எலும்பு ஆபரேஷன் ஆச்சே, பவளக்கொடி அம்மா. போய்ப் பார்த்தீங்களா?"

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மயக்கம் கொடுத்தவர் மறுநாள் வார்டுக்குப் போய், "என்னென்ன ஞாபகம் இருக்கு?" என்று நோயாளியிடம் கேட்க வேண்டும்.

"அவங்களுக்கு முதுகுல ஊசி போட்டதுதானே மேடம்? இடுப்புக்குக் கீழேதான் மரத்துப் போச்சு. முழு நேரமும் முழிச்சுத்தான் இருந்தாங்க. அவங்ககிட்ட என்னத்தைக் கேக்குறது?"

"அதே கேள்வியைத்தான்" என்றார் மேடம்.

அறவாழி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பவளக்கொடி ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. கனத்த உடம்பு.

"எப்படிம்மா இருக்கீங்க?"

அந்த அம்மாள் சட்டென்று திரும்பினார்.

"தலைமாட்டுல நின்ன டாக்டருதானே நீங்க?"

அறவாழிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நேற்று முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்தான் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் கண்டுபிடித்துவிட்டாரே!

"எப்படிம்மா அடையாளம் தெரிஞ்சுது?"

"குரலுதான்."

மேடத்திடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"என்னென்ன ஞாபகம் இருக்கும்மா?"

பவளக்கொடி போர்வை நுனியைத் திருகினார்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு காத்துக்கிட்டு இருந்தேங்க."

"சொல்லுங்கம்மா."

"நான் புள்ளைங்க சோத்துல கை வச்சதே இல்லைங்க. சத்தியமா. எனக்குத் தைராய்டு. அதான் உடம்பு இப்படி."

அறவாழிக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

நேற்றுக் காலையிலிருந்து முழு மயக்கக் கேஸ்களாகவே வந்துகொண்டிருந்தன. தூங்குகிறவர்களின் தலைக்கு மேலே எதை வேண்டுமானாலும் பேசிப் பழகிய வாய். இந்த அம்மாளின் முதுகில் எலும்பு இடுக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் அறவாழிக்குத் தாவு தீர்ந்துவிட்டது. மறைப்புத் துணியைக் கட்டியதும் நர்ஸிடம் சொன்னார்: "சத்துணவு புள்ளைங்களுக்கா போகுது? மொத்தமும் இங்கதான் போயிருக்கு."

தியேட்டரே சிரித்தது. அவரும் சிரித்தார்.

சற்று நேரத்தில் அந்த அம்மாளின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தார் அவர். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் மானிட்டரில் சரியாக இருந்தன. அறவாழி திருப்தியோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது அவருக்குக் காது மடல் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

பவளக்கொடி முந்திக்கொண்டார். "திங்கக்கிழமை மறுபடி ஆபரேஷனாமே? தோல் ஒட்டணுமாம். அன்னிக்கு என்னைய முழுசாத் தூங்க வச்சிருங்க டாக்டர். பேசிக்கிட்டே வேலை பாக்க உங்களுக்கும் தோதா இருக்கும்."

அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே உதவுகிற குரலில் சொன்னார். அறவாழியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் ஏதேதோ விளக்கிச் சொன்னார், பதிலைக் கேட்டுக்கொண்டார், வெளியே வந்துவிட்டார்.

மேடத்தின் டீ கிளாஸ் காலியாக இருந்தது.

நடந்ததை அறவாழி ஒன்று விடாமல் சொன்னார். தான் சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மியது.

"திங்கக்கிழமை முழு மயக்கம் வேணுமாம் மேடம்."

"கொடுக்கலாமா?"

"கூடாது. கழுத்து குட்டை, உடம்பு கனம், தைராய்டு வேற. மூச்சுக்குழாயில டியூப் போடுறதே கஷ்டம். முதுகு ஊசிதான் அவங்களுக்குப் பத்திரம்."

"அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"உயிருக்கு ஆபத்துன்னு?"

"கண்ணு முழிக்காமலே போயிடலாம்னுகூடச் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

அறவாழி தரையைப் பார்த்தார்.

"பரவாயில்லைன்னு சொன்னாங்க மேடம்."