குப்பிக்குள் விழுந்த பயறு

"எப்படி மறக்கிறது, சிஸ்டர்?" என்று தெய்வானை கேட்டாள்.

ஜெபசெல்வி காது கழுவும் சிரிஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு நாற்பத்து மூன்று. புருஷன் செத்த பிறகு தெய்வானை நர்ஸ் உதவியாளர் படிப்பில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியின் காது மூக்குப் பிரிவில் ஜெபசெல்வியிடம் பயிற்சி. சான்றிதழ் கைக்கு வர இன்னும் இரண்டு மாதம்.

குரு சீடரை அக்கா என்பாள். சீடர் குருவை சிஸ்டர் என்பாள்.

நடந்தது இதுதான்.

ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. வெளியே நாற்பது பேர். காதில் குறும்பி அழுக்கு அடைத்தவர்கள், காதில் சீழ் வடிந்தவர்கள், கோழி இறகால் குடைந்து புண்ணாக்கிக்கொண்டவர்கள். ஜெபசெல்வி பக்கத்து அறைக்கு ஊசி போடப் போனாள். குறும்பி கேஸ் வந்தா நீங்களே கழுவிடுங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முத்துப்பேச்சி தன் பையன் லிங்கேஷைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு வயது. வலது காது வலிக்குதுன்னு அழுதான் என்றாள். அதற்கு மேலும் ஏதோ சொல்ல வந்தாள். தெய்வானைக்கு அவசரம். பிள்ளையை இறுக்கிப் பிடிங்க, போதும் என்றாள்.

விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். பழுப்பாக ஒன்று தெரிந்தது. குறும்பி என்று நினைத்துவிட்டாள்.

மற்றதெல்லாம் சரியாகத்தான் செய்தாள். தண்ணீரை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தாள். சின்னப் பிள்ளை என்பதால் காது மடலைக் கீழே, பின்பக்கமாக இழுத்துப் பிடித்தாள். மெதுவாகப் பீச்சினாள்.

வரவில்லை. மறுபடியும் பீச்சினாள். நாலு தடவை.

அது தட்டைப்பயறு.

பயறு தண்ணீர் குடித்தது. காதுக்குள்ளேயே ஊதியது. சாயங்காலம் பையன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். மறுநாள் மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். செவிப்பறை கிழிந்திருந்தது. அந்தக் காது இனிமேல் எவ்வளவு கேட்கும் என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார் டாக்டர்.

பயறு, விதை எதுவானாலும் தண்ணீர் படக்கூடாது. முதல் வாரப் பாடம். தெய்வானை அதைப் பரீட்சையில் சரியாக எழுதியிருந்தாள்.

ஜெபசெல்வி நடந்ததை டாக்டரிடம் சொன்னாள். அவர் இரண்டு பேரையும் திட்டினார். அத்தோடு விட்டார். தண்ணீர் பட்டுத்தான் பயறு ஊதியது என்று முத்துப்பேச்சியிடம் யாரும் சொல்லவில்லை.

அவள் எல்லாம் தன் தப்பு என்று நம்பினாள். முறத்தில் பயறு புடைக்கும்போது பிள்ளைமேல் ஒரு கண் வைக்காமல் விட்டேன் என்று வார்டில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். மாமியார் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளையைச் செவிடாக்கினவள் என்றுதான் கூப்பிடுகிறாள். புருஷன் அவளோடு பேசுவதில்லை. அவள் போட்ட சோற்றைத் தொடுவதில்லை.

காதுக்குள் வைத்த மருந்துத் திரியை மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் வருவாள். நேற்று வரும்போது தெய்வானைக்கு முருங்கைக்காய் கொண்டுவந்தாள்.

"மொதல்ல என் பிள்ளைய தொட்டுப் பாத்தது நீங்கதானக்கா," என்றாள்.

தெய்வானை அதை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகள் குழம்பு வைத்தாள். அவளால் சாப்பிட முடியவில்லை.

அதனால்தான் மறக்க வழி கேட்டாள்.

கோயிலுக்குப் போய்ப் பார்த்துட்டேன் சிஸ்டர், அந்தப் பையனுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்துப் பார்த்துட்டேன், ஒண்ணும் நடக்கல என்றாள். முத்துப்பேச்சியிடம் சொல்லி அவள் புகார் கொடுத்தால் சான்றிதழ் போய்விடும், எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்றாள். சொல்லிவிடுங்கள் என்று ஜெபசெல்வி சொல்லவே இல்லை. ஆனாலும் தெய்வானை இதைச் சொன்னாள்.

ஜெபசெல்வி சிரிஞ்சைத் துடைத்து வைத்தாள். காலியான சொட்டு மருந்துக் குப்பி ஒன்றை எடுத்தாள். கண்ணாடிக் குப்பி. வாய் குறுகல்.

"நர்ஸ் விடுதிச் சமையல்ல போய் தட்டைப்பயறு வாங்கிட்டு வாங்கக்கா. ஒண்ணு போதும்."

தெய்வானைக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனாள். ஒத்தப் பயறுல என்ன கொழம்பு வைக்கப் போறீய என்று சமையல்காரர் கேட்டார்.

பயறு குப்பிக்குள் டக்கென்று விழுந்தது. ஜெபசெல்வி தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தாள்.

"நாளைக்கு எடுத்துக் குடுங்க."

அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஒரு லாரி டிரைவர் வந்தார். விளக்கை எடுக்கும் முன்பே தெய்வானை, உள்ளே என்ன போச்சு என்று கேட்டாள். கரப்பான் குடி வந்திருக்கு, வாடகையும் தரமாட்டேங்குது என்றார். வெதுவெதுப்பான எண்ணெய் விட்டாள். பூச்சி அடங்கியது. எடுத்தாள்.

அன்றைக்கு வந்த எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். காது குத்திய புண்ணுக்கு மருந்து போட வந்தவளிடம்கூட.

மறுநாள் காலை பயறு தடித்திருந்தது. தோல் வெடித்திருந்தது. தெய்வானை குப்பியைக் கவிழ்த்தாள். உள்ளங்கையில் தட்டினாள். கொக்கியை விட்டு இழுத்தாள். வாய்வரை வந்து மாட்டிக்கொண்டது.

"வரல, சிஸ்டர்."

"நேத்து?"

"நேத்துன்னா கவிழ்த்தாலே விழுந்திருக்கும்."

"இன்னும் ரெண்டு நாள் விட்டா?"

தெய்வானை குப்பியைக் கீழே வைத்தாள்.

"நாறும்."

ஜெபசெல்வி கதவைத் திறந்தாள். வெளியே பார்த்து, "லிங்கேஷ்," என்று கூப்பிட்டாள்.

முத்துப்பேச்சி பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தெய்வானை பழைய திரியை எடுத்தாள். புதுத் திரி வைத்தாள். கையைக் கழுவினாள். கழுவின கையை மறுபடியும் கழுவினாள்.

"முத்துப்பேச்சி, உன் மேல தப்பு இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். அவள் பேச வந்ததைக் கேட்காமல் வாயை அடைத்தது, குறும்பி என்று நினைத்தது, நாலு தடவை தண்ணீர் அடித்தது. பயறு காய்ந்தபடி இருந்திருந்தால் டாக்டர் கொக்கி விட்டே எடுத்திருப்பார் என்பதையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"நான் பாக்காம போயிட்டேன்," என்றாள் ஜெபசெல்வி. "இத்தன நாள் உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

முத்துப்பேச்சி கத்துவாள் என்று தெய்வானை நினைத்தாள். கத்தினால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

அவள் கத்தவில்லை. பிள்ளையின் இடது காதை, கேட்கிற காதை, உள்ளங்கையால் பொத்தினாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இவன் அப்பா வெளிய ஆட்டோவுல இருக்காக. இத அவுகட்ட வந்து ஒருக்கா சொல்லுவியளா?"