மீசையைப் பிடிச்ச இலந்தை

ஒரு ஊர்ல மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. சொத்துன்னு அவளுக்கு ஒரு ஓலைக் குடிசை, வாசல்ல ஒரு இலந்தை மரம். அரிசி கழுவுன தண்ணியை ஊத்தி ஊத்தி வளர்த்த மரம். அந்த வருசந்தான் முதக் காய்ப்பு. ஒரு பழம் எம்புட்டுப் பெருசு தெரியுமா? உன் தலை அளவு. என்ன சிரிப்பு? நான் தின்னுருக்கேன். ம் கொட்டிக்கிட்டே கேளு.

அப்போ அந்த ஊர்ப் பண்ணையார் தீர்த்தாரப்பர் ஆள் விட்டாராம், வாசல்ல முள்ளு மரம் நின்னா ஊருக்குள்ள சண்டை வரும், வெட்டிப் போடுன்னு. மாடத்தி திருப்பிச் சொல்லிவிட்டா: "மரம் வைக்கிறதுக்கு முன்னாலயும் சண்டை இருந்துச்சு. இப்போ சண்டையோட பழமும் இருக்கு."

பண்ணையாருக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. கோடாலிக்காரனை அனுப்புனாரு. அவன் கையை ஓங்குனான், சரக்குன்னு முள்ளு வேட்டியை உருவிட்டுது. கோவணத்தோட ஓடுனவன் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கான்.

அப்புறம் யானையை அனுப்புனாரு. திம் திம்முன்னு வந்த யானை ஒரு பழத்தை வாயில போட்டுச்சு. இன்னொண்ணு போட்டுச்சு. மரத்தடியில பொத்துன்னு உக்காந்துச்சு. பாகன் கெஞ்சிப் பாத்தான், அழுது பாத்தான். ம்ஹூம், எந்திரிக்கவே இல்ல.

அப்புறம் அவரே வந்தாரு, கோடாலியும் கையுமா. அவரு மீசை ரெண்டு காதையும் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கிட்டு நிக்கும். கிட்டப் போனாரா, லபக்! மீசை முள்ளுல மாட்டிக்கிச்சு. இலந்தையில ஒரு முள்ளு நேரா நிக்கும், பக்கத்து முள்ளு கொக்கியா வளைஞ்சிருக்கும். இழுக்க இழுக்க இறுக்கும்.

"ஏட்டி மாடத்தி, எடுத்து விடு."

"விடலாம். மரம் யாரோடதுன்னு சொல்லுங்க, பண்ணையாரே."

வீம்பா நின்னாரு. வெயில் ஏறிச்சு. ஊரே கூடிருச்சு. கட்டெறும்பு வரிசை கட்டி மீசையில ஏறிச்சு, குறுகுறு குறுகுறுன்னு. மூக்குக்கிட்ட வந்ததும்... தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

"உன்னோடதுதான்" அப்படின்னு முனகுனாரு.

"மரத்துக்குக் கேக்கலையாம்."

"மரம் மாடத்தியோடது!" அலறுன அலறல்ல பக்கத்து ஊர்க் காக்காயெல்லாம் பறந்துபோச்சு.

"அப்போ மரத்தைப் பாத்து ஒரு அடி வைங்க. தலையைத் தாழ்த்துங்க. அதுவே விட்டுரும்."

யாருக்கும் தலை தாழ்த்தாத மனுசன் ஊர் பாக்கத் தாழ்த்துனாரு. பொசுக்குன்னு முள்ளு விட்டுச்சு. மீசையைத் தடவிக்கிட்டே திரும்பிப் பாக்காம போயிட்டாரு.

மாடத்தி சும்மா இருந்தாளா? மறுநாளே இன்னொரு இலந்தைக் கன்னு நட்டா. எங்கே? பண்ணையார் வாசலுக்கு நேர் எதுத்தாப்புல.

கதை படுத்தாச்சு, நீயும் கண்ணை மூடு.