பூசணித் தலை

அந்தக் கதையை இக்னாஸ் முப்பது வருடமாக நம்பவில்லை.

சொன்னவர் அவனுடைய குரு ஹஸ்லிங்கர். வியன்னாவின் பெரிய கட்டடங்களுக்குச் சிலை செய்தவர்.

"என் முதல் சிலையைப் பார்த்துத் தலை பெருசுன்னு திட்டினாங்க. திருத்துறேன்னு சொல்லி, சாக்கு போட்டு மூடினேன். பத்து நாள் தொடவே இல்லை. மேலே ஏத்தினதும், 'இப்பத்தான் சரி'ன்னாங்க" என்பார்.

அவர்கள் ஏமாந்ததை இக்னாஸ் நம்பினான். பத்து நாள் ஒரு மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்தான் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

இப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை செதுக்கியதெல்லாம் பிறர் சிலைகளின் காலடியில் வரும் பூமாலைகளும் சிங்கப் பிடரிகளும்தான். புதிய நீதிமன்றத்தின் கூரை விளிம்பில் நிற்கப்போகும் நீதி தேவதைதான் அவன் பெயரில் வந்த முதல் சிலை.

கட்டடக் குழுத் தலைவர் பட்டறைக்கு வந்தார். சிலையை ஒரு சுற்று சுற்றினார்.

"என்னய்யா இது, தலையா பூசணிக்காயா?"

"அறுபதடி உயரத்துல நிக்கப்போகுதுங்க. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தா தலை சிறுத்துத் தெரியும். அதுக்காகத்தான்…"

"எனக்கும் கண் இருக்கு. பத்து நாள்ல குறைச்சு வை. இல்லேன்னா நீ சிங்கத்துக்கே திரும்பிப் போகலாம்."

இக்னாஸ் குருவின் வீட்டுக்கு ஓடினான்.

"அளவு தப்பிடுச்சோ, ஐயா? கொஞ்சமே கொஞ்சம் குறைச்சிடட்டுமா? உங்க கதையை நம்பி என் பிழைப்பு போயிடுச்சுன்னா?"

ஹஸ்லிங்கர் கையை நீட்டினார்.

"உளிப்பையைக் குடு."

கொடுத்தான். அவர் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"சிலை மேலே போனதும் வா."

இக்னாஸ் சிலைமேல் சாக்கைப் போட்டு மூடினான்.

மூன்றாம் நாள் சாக்கை விலக்கிப் பார்த்தான். தலை பெரிதாகத்தான் இருந்தது. கை இடுப்புக்குப் போயிற்று. இடுப்பில் உளிப்பை இல்லை. குருவை வாய்விட்டுத் திட்டினான்.

ஏழாம் நாள் ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு போனான். தேவதையின் நெற்றியில் வைத்து அழுத்தினான். கத்திதான் வளைந்தது.

"கல்லையா சாப்பிடப் போறீங்க?" என்றாள் மனைவி. "கத்தியைக் குடுத்துட்டு வாங்க, சூப்பு ஆறுது."

பத்தாம் நாள் கப்பியும் கயிறும் போட்டுச் சிலையை ஏற்றினார்கள்.

இக்னாஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பார்த்தியா? நான் சொன்னபடி குறைச்சதும் முகத்துல என்ன ஒரு களை!"

"ஆமாங்க" என்றான் இக்னாஸ்.

பிறகுதான் நிமிர்ந்தான். தேவதை வானத்தை ஒட்டி அளவாக நின்றாள். நடுத்தெருவில் தனியாகச் சிரித்தான்.

நேரே குருவின் வீட்டுக்குப் போனான். ஹஸ்லிங்கர் குனிந்து, உளிப்பையை இழுத்து, தூசு தட்டிக் கொடுத்தார்.

இக்னாஸ் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசல்வரை போனான். அங்கேயே நின்றான். திரும்பினான்.

"ஐயா, உங்களோட அந்தப் பத்து நாள்… உங்க உளிப்பை யார்கிட்ட இருந்தது?"