பூட்டுக்குள் தீர்ந்த டீசல்

பின்பக்கம் பூராவும் மரமும் கிளியும் வரைந்து, 'பூமியைக் காப்போம்' என்று எழுதி ஓடிய ஆம்னி பஸ் அது. அதன் முதலாளி தனகோபால் தன் நிழலைக்கூட நம்பமாட்டார். டீசல் சீக்கிரம் தீர்ந்ததும், டிரைவர் சடையாண்டிதான் திருடுகிறான் என்று முடிவுகட்டினார். டேங்குக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அப்படியும் தீர்ந்தது.

"நாளைக்குள்ள திருடனைக் காட்டு. இல்லேன்னா வேலை கிடையாது!"

"காட்டுறேன் முதலாளி. எப்பவும்போல பூஜைக்கு வந்துடுங்க."

தினமும் சாயங்காலம் முதலாளி வந்து சூடம் காட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தால்தான் பஸ் நகரும். அவர் சாவகாசமாக வரும்வரை ஏசிக்காக இன்ஜின் ஓடும். ஸ்டாண்டே புகையில் மூழ்கும்.

மறுநாள் சடையாண்டி இன்ஜினை அணைத்துவிட்டான். முதலாளி வந்தபோது பயணிகள் வேர்த்து வழிய வெளியே நின்றிருந்தார்கள்.

"ஏன்டா ஏசி போடல? திருடன் எங்கே?"

"கிளம்புற நேரம் தாண்டித்தான் வருவார், முதலாளி. அவர் வர்ற வரைக்கும் டீசல் சும்மா எரியும். இன்னிக்கு எரியவிடல."

"யாருடா அவன்?"

சடையாண்டி பயணிகளிடம் திரும்பினான். "இவ்வளவு நேரம் யாருக்காகக் காத்திருந்தீங்க?"

எல்லா விரலும் முதலாளியைக் காட்டின.

அவர் எலுமிச்சம்பழத்தை சடையாண்டி கையில் திணித்தார். "இனிமே நேரத்துக்கு நீயே வச்சுட்டுக் கிளம்பு."

நாலடி போனவர் சந்தேகமாகத் திரும்பினார்.

"பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் சாதம் கிளறிடாதே!"