ராஜா கைக்குத் துருப்பிடித்த மட்டை

செம்மலைக்கோட்டை ராஜா சொக்கலிங்க பூபதிக்குக் கோல்ஃப் பைத்தியம். மலைப் பங்களாவில் தங்கிய ஒரு துரை கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், ராஜா கொலுமண்டபத்தையே மறந்துவிட்டார். ஆட்டமும் சுமாராக வந்தது. பந்து மணற்குழியில் விழுகிறவரைக்கும்தான்! விழுந்துவிட்டால் போச்சு. ராஜா ஓங்கி ஓங்கி அடிப்பார். மணல் வரும், பந்து மட்டும் வராது.

சபையில் குழைக்காதர் என்று ஒருவர். வாய் சும்மா இருக்காது.

"மகாராஜா, இன்னும் கொஞ்சம் தோண்டினால் தண்ணீரே வந்துவிடும். ஊருக்கு ஒரு கிணறாச்சு!" என்றார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது.

"அடுத்த வாரம் பக்கத்துச் சமஸ்தானத்து ராஜா ஆட வருகிறார். கேலி பேசின நீரே எனக்கு மட்டை தேர்ந்தெடும். அவர் முன்னால் ஒரே அடியில் பந்து வெளியே வரணும். வராவிட்டால் சபையில் உமக்கு இடமில்லை. ஆயுதசாலையில் சேர்வைக்குச் சாணைக்கல் சுற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்!"

கேட்டுக்கொண்டு நின்ற ஆயுதசாலைத் தலைவர் சமரபாகு சேர்வைக்கு ஒரே குஷி.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா கையில் போகிற இரும்பு எதுவானாலும் முதலில் ஆயுதசாலைக்குப் போகணும். அங்கே சாணை பிடித்து, கண்ணாடி மாதிரி துலக்கித்தான் அனுப்புவார்கள். வாளுக்கும் அதே மரியாதை, கோல்ஃப் மட்டைக்கும் அதே மரியாதை. முன்னோர்களின் ஆயுதங்களுக்கு மட்டும் விலக்கு. அவற்றின் துருவைக்கூடத் தொடக்கூடாது.

குழைக்காதர் மணற்குழியில் வெறுங்காலோடு இறங்கினார். கணுக்கால்வரை புதைந்தது. ராஜாவின் மட்டையைப் புரட்டிப் பார்த்தார். அடி விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. வெயிலில் பிடித்தால் கண் கூசியது. சரிதான், அடிக்கிற நேரத்தில் ராஜா கண்ணை மூடிக்கொள்கிறார், மட்டை மண்வெட்டியாட்டம் உள்ளே போய்விடுகிறது!

நேரே சேர்வையிடம் போனார்.

"ஓய் சேர்வை, கெட்டித் தரைக்கு மெல்லிசு அடி போதும். இந்தப் பொடிமணலுக்கு அடிப்பாகம் தடித்து, பின்பக்கம் கொஞ்சம் இறங்கி இருக்கணும். அப்போதுதான் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். பளபளப்பும் வேண்டாம்."

"ராஜா கைக்கு மொக்கை இரும்பா? என் உடம்பில் உயிர் இருக்கிறவரைக்கும் நடக்காது! நீர் கொண்டு வாரும், நான் தீட்டித் தருகிறேன்."

குழைக்காதர் கொல்லர் பட்டறைக்குப் போய்த் தான் நினைத்த மாதிரியே தடித்த அடியோடு ஒரு மட்டை அடிக்கச் சொன்னார். அதை உப்புத்தண்ணீரில் நனைப்பதும் காயவைப்பதுமாக இருந்தார். நன்றாகத் துரு ஏறியதும் சந்தனம் வைத்து, பட்டில் சுற்றி, ஆயுதசாலைக்குப் பயபக்தியோடு ஏந்திக்கொண்டு போனார்.

"ஏழு தலைமுறை ஆயுதமும் உமக்கு அத்துப்படி. இது யார் கைபட்டது என்று உமக்குத் தெரியாமலா இருக்கும்?"

சேர்வை பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்கிற வாயா அது?

"தெரியாமல் என்ன! மகாராஜாவின் கொள்ளுத்தாத்தா கைபட்டதாயிற்றே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்படியானால் சாணை?"

"ஐயையோ, அபசாரம்! கல் படக்கூடாது!"

ஆட்ட நாளன்று சேர்வையே அதற்கு மாலை போட்டு, "உங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஆயுதம், மகாராஜா" என்று ராஜா கையில் கொடுத்தார். ராஜா கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பந்து வழக்கம்போல மணற்குழியில் விழுந்தது. விருந்தாளி ராஜா அப்போதே சிரிக்கத் தயாராகிவிட்டார். ராஜா கண்ணைத் திறந்தபடியே ஓங்கினார். மட்டை மணலில் வழுக்கிக்கொண்டு போனது. பந்து எழும்பிப் புல்வெளியில் போய் விழுந்தது!

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"சேர்வை, இந்த ஆயுதத்தின் கதையை விருந்தாளிக்குச் சொல்லும்!"

சேர்வை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆற்றங்கரைப் போரில், மகாராஜா, எதிரியின் பட்டத்து யானையை உங்கள் கொள்ளுத்தாத்தா இதனால் ஒரே அடியில் சாய்த்தார். இதோ, துரு மாதிரி தெரிகிறதே, அது அந்த யானையின் ரத்தம்!"

குழைக்காதரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"யானை பிழைத்துவிட்டது, மகாராஜா. அது என் வீட்டு உப்புத்தண்ணீர். மட்டை போன வாரம் நம் கொல்லர் அடித்தது."

சேர்வை முகத்தில் ஈயாடவில்லை. ராஜா குழைக்காதரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"என்னிடமே பொய்யா?"

"நான் எங்கே சொன்னேன்? இது யார் கைபட்டது என்று சேர்வையைக் கேட்டேன். அவ்வளவுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விருந்தாளியும் கூடச் சேர்ந்துகொண்டார்.

"உம் இடம் உமக்குத்தான், குழைக்காதரே. பரிசு என்ன வேண்டும்? கேளும்!"

"எனக்கு என் இடம் போதும், மகாராஜா. பரிசைச் சேர்வைக்கே கொடுங்கள். நான் ஒரு வாரம் மெனக்கெட்டு ஒரு மட்டைதான் செய்யவைத்தேன். அவர் நின்ற இடத்திலேயே அதற்கு ஒரு போரையே செய்து கொடுத்துவிட்டாரே!"