தம்பிக்கு வைத்த இலை

நாரைக்குளத்துக் கரையில் ஒரு சாமி இருந்தார். காவி கட்டியவரில்லை. தலையில் ஒரு துண்டு, காலில் யாரோ கொடுத்த கான்வாஸ் ஷூ. விடியும் வேளையில் குளத்தை ஒரு சுற்று நடந்து வருவதுதான் அவருடைய பூஜை. பூங்காவுக்கு வாக்கிங் வருகிறவர்கள் சிலர் அவர் பின்னால் நடந்து பார்த்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை குறைந்தது. மீதிப் பேருக்கு வேறு ஏதோ குறைந்தது. நடைச்சாமி என்று பெயர் நிலைத்துவிட்டது.

பெரியநாச்சி அந்த மீதிப் பேரில் ஒருத்தி. பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்டு, மனசை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் வந்தவள். சாமிக்கு அவளுடைய மூத்த மகன் வயசுகூட இல்லை.

"பேரன் பேத்தி எடுத்தவுக, ஒரு சின்னப் பிள்ளையைப் போய்ச் சாமிங்கிறீகளே மதினி" என்று தம்பி பெண்டாட்டி பூரணம் கேலி செய்வாள்.

"நடக்குற காலுக்கு வயசு எதுக்குடி?" என்பாள் நாச்சி.

பூரணத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். அதை வைப்பதா வேண்டாமா என்று அவளுக்குச் சொல்ல ஊரில் யாருமில்லை.

தவசி காணாமல் போனது பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு காணும் பொங்கலன்று. குடும்பத்தோடு எல்லோரும் இதே குளத்துக்குத்தான் வந்திருந்தார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, வடை. இலை போட்டு, சோறும் பரிமாறியாயிற்று. புதுப் பெண்டாட்டி பூரணத்துக்குத் தாமரைக்காய் பறித்து வருகிறேன் என்று நாச்சியின் தம்பி தவசி எழுந்தான். வார் அறுந்த ரப்பர் செருப்பு. ஊக்குப் போட்டு மாட்டியிருந்தான். அதை இழுத்து இழுத்து நடந்து கோரைக்குள் போனான். போகும்போது திரும்பி, "அக்கா, என் இலையைக் காக்கா கொத்தாமப் பாத்துக்கோ" என்றான்.

அவ்வளவுதான்.

வலை போட்டுப் பார்த்தார்கள். முங்கிப் பார்த்தார்கள். ஆளும் கிடைக்கவில்லை, செருப்பும் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் நாச்சி இங்கே வந்துதான் கனுப்பிடி வைப்பாள். உடன்பிறந்தான்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று பெண்கள் விடியலில் மஞ்சள் இலையில் சோற்று உருண்டை வைப்பார்களே, அது. அண்ணன்மார் இருவருக்கும் ஒரு இலை. தவசிக்குத் தனியாக ஒரு இலை, அவன் இறங்கிப்போன அந்தக் கோரை ஓரத்தில்.

அண்ணன்மார் இலையைக் காக்கைகள் நொடியில் காலி செய்துவிடும். தவசியின் இலையை ஒரு காக்கைகூடத் தொட்டதில்லை. கருவேல மரத்தில் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும். இறங்காது.

வெயில் ஏறியதும் பூரணம் வருவாள்.

"எடுத்துச்சா மதினி?"

"இல்லடி."

பூரணம் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். முடிவு தெரியாமல் இன்னொரு வருஷம்.

இந்த வருஷமும் குடும்பத்தோடு வேனில் வந்தார்கள். பொழுது புலரவில்லை. தண்ணீரின்மேல் பனி படுத்துக் கிடந்தது. படகுத்துறையில் அன்னப்பறவைப் படகுகள் ஆளில்லாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. பூரணம் மற்றவர்களோடு வேனிலேயே இருந்தாள்.

நாச்சி தவசிக்கு இலை வைத்துவிட்டு, வழக்கம்போலப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, தயிர்ச்சோறு, ஒரு துண்டு கரும்பு. தண்ணீரில் ஒரு பாம்புத்தாராப் பறவை கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு அவளையே பார்த்தது. உடம்பு தெரியாத கழுத்து.

பனிக்குள்ளிருந்து சாமி வந்தார்.

நாச்சி எழுந்து கும்பிட்டாள். இத்தனை காலமும் நெஞ்சிலேயே வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

"சாமி, என் தம்பி இருக்கானா, இல்லையா?"

சாமி இலையைப் பார்த்தார். மரத்தில் இருந்த காக்கைகளைப் பார்த்தார்.

"அண்ணன்களுக்கு வச்சாச்சா?"

"வச்சாச்சு சாமி. அந்த மேட்டுல."

"வச்சிட்டு?"

"வச்சிட்டு வந்துட்டேன்."

"கையில என்னம்மா?"

"குச்சி, சாமி. நாய் கீய் வாய் வச்சிரக்கூடாதே."

சாமி கையை நீட்டினார். அவள் குச்சியைக் கொடுத்தாள். அவர் அதை ஊன்றிக்கொண்டு, "வாங்க, ஒரு சுற்று நடந்துட்டு வருவோம்" என்றார்.

"இலை, சாமி?"

"இருக்கட்டும். திரும்பிப் பார்க்காம வாங்க."

நாச்சி தயங்கி நின்றாள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த பெரிய அண்ணன், சுடுகாட்டில் இதையே சொல்லித்தான் அனுப்பினார்கள் என்று சொல்லியிருந்தார். ஆனாலும் நடந்தாள். கால் மட்டும் நடந்தது. உயிர் இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

கரை ஈரமாக இருந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. பனியில் சாமியின் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

படகுத்துறையைத் தாண்டியதும் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

சரக். சரக்.

ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம்.

"சாமி..."

"ம்."

"கேக்குதா?"

"கேட்குது."

உங்களுக்கு மட்டும்தான் கேட்குது என்று அவர் சொல்லிவிடுவார் என்று நாச்சி நம்பியிருந்தாள். முருகா, முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அவள் வேகமாக நடந்தால் அது வேகமாக வந்தது. நின்றால் நின்றது.

"யாரு சாமி?"

"உங்ககூட வந்தவங்கதான்."

"இவ்வளவு வருஷமாவா?"

சாமி குச்சியை ஊன்றி நடந்தார்.

"எதுக்கு சாமி வர்றான்?"

"வழியனுப்ப வருவாங்கள்ல, அதுக்கு."

"யாரை?"

"நடங்கம்மா."

மதகு வந்தது. அங்கே கரை குறுகி, ஒரு ஆள் மட்டுமே போகமுடியும். சாமி முன்னால் ஏறினார். நாச்சி ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"அக்கா."

காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அதே குரல். ஒரு நாள்கூட வயசாகாத குரல்.

நாச்சியின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அவனைப் பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு தடவை. முகம் மறந்துபோய்க்கொண்டே இருந்தது அவளுக்கு. அதைப் பூரணத்திடம்கூடச் சொன்னதில்லை. திரும்பினால் அந்த முகம் இருக்கும்.

"சாமி, அவன் இன்னும் சாப்பிடலை" என்றாள்.

சாமி திரும்பாமலே குச்சியின் மறுமுனையைப் பின்னால் நீட்டினார். "பிடிச்சுக்கங்க. வழுக்கும்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைப் பிடித்தாள். மதகைத் தாண்டினாள்.

செருப்புச் சத்தம் தாண்டவில்லை.

அந்த நேரத்தில் குளத்தில் இருந்த பறவைகளெல்லாம் ஒன்றாக எழுந்தன. நாரை, கூழைக்கடா, முக்குளிப்பான் எல்லாம். தலைக்கு மேலே சிறகுச் சத்தம்தான். ஒரு பறவையும் குரல் கொடுக்கவில்லை. பனி அசைந்து கொடுத்தது. அந்தப் பக்கம் சூரியன் தெரிந்தது.

மீதிக் கரையையும் நடந்தார்கள். பூங்காவில் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். யாரோ ஒருத்தி பிள்ளையை அதட்டினாள், "தண்ணிப் பக்கம் போனே, காலை முறிச்சிருவேன்!" சுண்டல்காரர் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார்.

கோரை ஓரத்துக்கு வந்தார்கள்.

மஞ்சள் இலை வெறுமையாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. கொத்திக் கிழித்த தடமும் இல்லை. வழித்துச் சாப்பிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. கரும்பின் சக்கை மட்டும் இலை ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. இலையைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. மரத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

நாச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா ஏன் சாமி எடுக்கலை?"

"இத்தனை வருஷமா காவல் பலமா இருந்துச்சேம்மா."

நாச்சி கையைப் பார்த்துக்கொண்டாள். குச்சி சாமியிடம் இருந்தது.

வேனிலிருந்து பூரணம் வந்துகொண்டிருந்தாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரப் புல்லில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து. வழக்கமான கேள்வியைத் தூரத்திலேயே தொடங்கிவிட்டாள்.

"எடுத்துச்சா மதி..."

இலையைப் பார்த்ததும் நின்றாள். அவள் கை நெற்றிக்குப் போனது. குங்குமத்தைத் தொடாமல் பாதியிலேயே நின்றது.

"காக்காயா மதினி?"

நாச்சி ஒதுக்கி வைத்த கரும்புச் சக்கையைக் காட்டினாள்.

"அவுகளா?"

நாச்சி சாமியைப் பார்த்தாள். பூரணமும் அந்தச் சின்னப் பிள்ளையைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கும் அவரைக் கும்பிடத் தோன்றியது.

"சாமி, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் இனிமே என்ன செய்யணும்?"

சாமி குனிந்து, குச்சியைக் குளத்துத் தண்ணீரில் விட்டார். அது கோரைக்குள் மிதந்து போனது.

"சாப்பிட்ட இலைம்மா" என்றார். "மடிச்சு எடுங்க."